ஏஐயைக் கண்டு பயப்படுகிறவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்களா?

12 செப்டம்பர் 2025, காலை

ஒரு வாசகர் கேட்டது: "ஏஐ என்றாலே எங்கு பார்த்தாலும் ஒரே புலம்பல். வேலை போச்சு, மூளை மழுங்கிப் போச்சு, மனித இனமே முடிந்தது என்கிறார்கள். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்பது என் அனுமானம். பயன்படுத்திப் பார்த்தவனுக்குப் பயம் தானாகப் போய்விடும். விசைத்தறி வந்தபோதும் கணினி வந்தபோதும் இதே கூச்சல்தான். என்ன குடி முழுகிப் போயிற்று? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்."

12 செப்டம்பர், இரவு

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. நான் அதைத் தொட்டுப் பார்க்காதவன் இல்லை, நாள் முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவக் காப்பீட்டுக் கிளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலை. முன்பெல்லாம் கோப்பை நாங்களே படிப்போம், நாங்களே முடிவு செய்வோம். இப்போது சிஸ்டம் முதலில் படித்து, மதிப்பெண் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசி அனுப்புகிறது. நாங்கள் அதற்குப் பின்னால் வருகிறோம். வந்த புதிதில் நானும் ஆகா ஓகோ என்றவன்தான். சந்தேகமெல்லாம் பழகிய பிறகு வந்தது.

ஒரு எண் மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் மக்களிடம் ஏஐ பற்றித் தொடர்ந்து கேட்டு வருகிறது. "ஆர்வத்தைவிடக் கவலைதான் அதிகம்" என்று 2021-இல் சொன்னவர்கள் 37 சதவீதம். 2023-இல் 52 சதவீதம். நடுவில் என்ன நடந்தது? 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி எல்லோர் கைக்கும் வந்தது. தொட்டால் பயம் தெளியும் என்றால் இந்த எண் இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருக்கிறது.

13 செப்டம்பர்

எதிர்பார்த்த பதில் வந்துவிட்டது: "அதே பியூவின் 2025 ஆய்வையும் படியுங்கள், துறை நிபுணர்கள் பயப்படவில்லை."

படித்தேன். அடுத்த 20 ஆண்டுகளில் ஏஐயால் நாட்டுக்கு நன்மைதான் என்றவர்கள், நிபுணர்களில் 56 சதவீதம், பொதுமக்களில் 17 சதவீதம். பெரிய இடைவெளிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தங்கள் வாழ்க்கையில் ஏஐ எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதில் தங்களுக்கு இன்னும் கொஞ்சம் பிடி வேண்டும் என்று இரண்டு தரப்பிலும் பாதிக்கும் மேற்பட்டோர் சொல்கிறார்கள். அரசின் கட்டுப்பாடு போதாமல் போய்விடுமோ என்ற கவலையிலும் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு. பலனைப் பற்றித்தான் சண்டை. பிடி கையில் இல்லை என்பதில் சண்டையே இல்லை.

அப்புறம், "விவரம் தெரிந்தவன் பயப்பட மாட்டான்" என்றால் ஜெஃப்ரி ஹின்டனை எங்கே வைப்பது? இன்றைய ஏஐக்கு அடித்தளமான நரம்பு வலையமைப்பு ஆய்வின் மூத்தவர்களில் ஒருவர். 2023-இல் கூகுளை விட்டு வெளியே வந்து ஆபத்துகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 2024-இல் இயற்பியல் நோபல் வாங்கினார். அவருக்கு யாராவது ஒரு பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்யுங்கள்.

14 செப்டம்பர்

ஹின்டனை இழுத்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் ஆகாது. 2016-இல் இதே ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படிக்கும் ரேடியாலஜி மருத்துவர்களுக்கு இனிப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம் என்றார். ஐந்து ஆண்டுகளில், மிஞ்சினால் பத்தில், கணினி அவர்களைவிட நன்றாகப் பார்க்கும் என்றார். பத்து ஆண்டு ஆகப்போகிறது. ரேடியாலஜி மருத்துவர்கள் இருக்கிறார்கள், இன்னும் தேவைப்படுகிறார்கள். தான் சொன்னது ரொம்பப் பொதுப்படையாக இருந்துவிட்டது என்று பிறகு அவரே சொன்னார்.

இது புதிதும் இல்லை. இன்னும் 20 ஆண்டுகளில் மனிதன் செய்யும் எந்த வேலையையும் இயந்திரம் செய்யும் என்று ஏஐ ஆய்வின் முன்னோடி ஹெர்பர்ட் சைமன் எழுதியது 1965-இல். 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ரே, ஆஸ்பர்ன் இருவரும் அமெரிக்க வேலைகளில் 47 சதவீதத்துக்கு ஆபத்து என்று கணக்குப் போட்டார்கள். 2016-இல் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடிக்காக வேறு மூவர் வேலையை வேலையாகப் பார்க்காமல் அதற்குள் இருக்கும் சின்னச் சின்னப் பணிகளாகப் பிரித்துப் பார்த்தபோது 9 சதவீதம்தான் வந்தது. 47 எங்கே, 9 எங்கே. பத்திரிகைத் தலைப்பில் நின்றது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆக, "எல்லார் வேலையும் நாளைக்கே போய்விடும்" என்ற பயத்தில் கேள்வி கேட்டவர் பக்கம்தான் நான் பாதி நிற்கிறேன். என் மனக்குறை வேறு இடத்தில்.

14 செப்டம்பர், இரவு

லிஃப்ட் கதை தெரியுமா? தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

லிஃப்ட் ஓட்டுவதற்கென்றே ஒரு காலத்தில் ஆள் இருந்தார். பொத்தானை அழுத்தினால் தானாகப் போகும் லிஃப்ட் வந்து பல காலம் ஆகியும் ஆளில்லாத பெட்டிக்குள் ஏற மக்கள் தயங்கினார்கள். 1945-இல் நியூயார்க்கில் லிஃப்ட் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊரே ஸ்தம்பித்தது. அதற்குப் பிறகுதான் கட்டட முதலாளிகள் தானியங்கி லிஃப்ட் பக்கம் வேகமாகத் திரும்பினார்கள். ஜேம்ஸ் பெஸ்ஸன் என்ற பொருளாதார ஆய்வாளர் 1950-இன் அமெரிக்கக் கணக்கெடுப்பில் இருந்த 270 தொழில்களை எடுத்துப் பார்த்தார். தானியங்கி மயத்தால் அடியோடு காணாமல் போனது ஒன்றே ஒன்று, லிஃப்ட் ஓட்டுநர் வேலை.

இதைப் பொதுவாக "பாருங்கள், பயம் வீண்" என்பதற்குச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்த பகுதி வேறு. லிஃப்டுக்குள் மக்களை ஏற வைத்தது என்ன? பிரசங்கமா? பெட்டிக்குள்ளேயே ஒரு சிவப்பு நிறுத்தப் பொத்தானும், எடுத்தால் மறுமுனையில் ஒரு மனிதர் பேசும் தொலைபேசியும் வைத்தார்கள். இன்று நமக்குக் கொடுத்திருக்கும் சிஸ்டங்களில் அந்தப் பொத்தான் எங்கே, அந்தத் தொலைபேசி எங்கே?

16 செப்டம்பர்

"லட்டைட் மாதிரிப் பேசாதீர்கள்" என்று ஒருவர். நன்றி, அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். யார் அவர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

1811-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கம் காலுறை பின்னும் சட்டங்களை, அதாவது பின்னல் இயந்திரங்களை, உடைத்த இந்த லட்டைட்டுகள் இயந்திரமே தெரியாத பாமரர்கள் இல்லை. அந்தச் சட்டத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்த கைத்தேர்ச்சிக்காரர்கள். அதைப் பார்த்து அவர்களுக்கு என்ன பயம்? அகலத் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்து, நாலு நாளில் பிரிந்துபோகும் மட்டமான காலுறையை அதே பெயரில் விற்றதும், பயிற்சி முடிக்காதவர்களைக் குறைந்த கூலிக்கு வைத்ததும்தான் அவர்கள் கோபம். எந்த முதலாளியின் சட்டத்தை உடைப்பது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்து உடைத்தார்கள். அரசு என்ன செய்தது? 1812-இல் சட்டத்தை உடைத்தால் தூக்கு என்று சட்டம் போட்டது. (சட்டம், சட்டம் என்று எழுதிக் கை வலிக்கிறது. பின்னும் சட்டம் வேறு, தூக்குப் போடும் சட்டம் வேறு, பார்த்துப் படியுங்கள்.) பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியவர்களில் கவிஞர் பைரனும் ஒருவர். அதுதான் அந்தச் சபையில் அவருடைய முதல் பேச்சு. 1813 ஜனவரியில் யார்க்கில் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

"என்ன குடி முழுகிற்று" என்று கேட்டிருந்தீர்களே. அந்த 17 குடி முழுகிற்று. இருநூறு ஆண்டு தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் முடிந்த மாதிரி தெரியும். நடுவில் வாழ்ந்தவனுக்கு அந்த வசதி இல்லை.

17 செப்டம்பர்

இந்த இழையைச் சாட்பாட்டிடம் கொடுத்துச் சுருக்கம் கேட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஏஐயின் "உற்சாகமான ஆதரவாளர்" என்று அது சொல்லியதாம். மகிழ்ச்சி. அடுத்த சம்பள உயர்வுக்கு அதையே இணைத்து அனுப்பப் போகிறேன்.

20 செப்டம்பர்

வேலையில் அப்படி என்னதான் பிரச்சினை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சரி, விவரமாகவே சொல்கிறேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.

திரையின் இடது பக்கம் கோப்பு, வலது பக்கம் சிஸ்டத்தின் முடிவு. கீழே இரண்டு பொத்தான்கள். "ஏற்கிறேன்" பெரிதாக, நீல நிறத்தில் இருக்கும். ஒரு கிளிக், அடுத்த கோப்பு தானாக வந்து நிற்கும். "மறுக்கிறேன்" சாம்பல் நிறத்தில், சின்னதாக. அதை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். பட்டியலில் இருந்து காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கீழே விளக்கம் எழுத வேண்டும், ஆதாரப் பக்கத்தின் எண் போட வேண்டும். அது டீம் லீடருக்குப் போகும். அவர் ஒப்புக்கொள்ளும் வரை கோப்பு என் பெயரில் "நிலுவை" என்று நிற்கும். மாதக் கடைசியில் எங்கள் மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி: சிஸ்டத்தோடு ஒத்துப்போன விகிதம். அது குறைந்தால் மஞ்சள். எங்களுக்கும் வண்ணம் உண்டு.

ஒருநாள் ஒரு சிவப்புக் கோப்பு வந்தது. "ஒரே பில் இரண்டு முறை சமர்ப்பிக்கப்பட்டுள்ளது, நிராகரிக்கவும்." ஒரே குடும்பம், ஒரே பிறந்த தேதி, ஒரே மருத்துவமனை, பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரே எண்ணிக்கை நாட்கள், ஒரே தொகை. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்காததால் இரண்டிலும் தாயின் பெயரைப் போட்டு "குழந்தை" என்று எழுதியிருந்தார்கள். பிரசவக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஆறு நிமிட இடைவெளியில் இரண்டு பிரசவ நேரம். இரட்டைக் குழந்தைகள்.

மறுக்கிறேன் என்று அழுத்தினேன். காரணப் பட்டியலில் எதுவும் பொருந்தவில்லை. "மற்றவை" போட்டேன். "மற்றவை" போட்டால் விளக்கம் நீளமாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பெட்டி மூடாது. "இரட்டைக் குழந்தைகள்" என்பது அதற்குப் போதவில்லை. பக்கத்து இருக்கை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அதோட மல்லுக்கு நிக்காத தம்பி, மாசக் கடைசி" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அவர் இந்தத் துறையில் என்னைவிட நெடுநாள் இருப்பவர். பில்லின் மருந்துப் பட்டியலைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். இப்போது அவருடைய ஒத்துப்போகும் விகிதம்தான் எங்கள் குழுவிலேயே அதிகம்.

அந்தக் குழந்தைகளுக்குப் பணம் போயிற்று. என் தாளில் அந்தக் கோப்பு ஒரு "முரண்பாடு" என்று பதிவாயிற்று. சிஸ்டத்தின் தாளில் என்ன பதிவாயிற்று என்று கேட்டேன். அதற்குத் தாள் கிடையாதாம்.

21 செப்டம்பர்

நேற்று எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தால் சிஸ்டம் வெறும் முட்டாள் மாதிரித் தெரிகிறது. அப்படி இல்லை. தேதியை மட்டும் திருத்தி மூன்று கம்பெனிகளுக்கு ஒரே பில்லை அனுப்பிய ஆட்களை அது பிடித்திருக்கிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளைக் குறுக்கே வைத்துப் பார்க்க மனிதக் கண்ணால் முடியாது. சொல்லப்போனால் பெரும்பாலான நேரம் அது சொல்வது சரிதான். அதுதான் சங்கடமே. பத்தில் ஐந்து முறை தப்பாகச் சொன்னால் எவனும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்த மாட்டான். எப்போதோ ஒருமுறை தப்பு வருவதை நாள் முழுக்க விழித்திருந்து பிடிப்பது மனித மூளைக்கு ஒத்துவராத வேலை.

22 செப்டம்பர்

இதை 1983-இலேயே லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் ஒரு சிறு கட்டுரையில் எழுதிவிட்டார். ஆலைக் கட்டுப்பாட்டு அறைகளையும் விமானங்களையும் வைத்துச் சொன்னார். எளிதான வேலையை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிடுகிறோம். கடினமானதையும் இயந்திரம் கைவிடும் நேரத்தையும் மனிதனுக்கு மிச்சம் வைக்கிறோம். தினமும் செய்யாததால் அவன் கை மறந்துபோயிருக்கும். அந்த நேரம் பார்த்து அவனைக் கூப்பிடுகிறோம்.

இதற்குப் புது எடுத்துக்காட்டு, போன மாதம் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த போலந்து ஆய்வு. பெருங்குடலில் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி. புற்றுநோயாக மாறக்கூடிய சின்னக் கட்டிகளைக் காட்டிக் கொடுக்க ஏஐ உதவி வந்தது. அது வந்த பிறகு, ஏஐ இல்லாமல் செய்த சோதனைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கட்டியைக் கண்டுபிடித்த சோதனைகள் முன்பு 28.4 சதவீதம், பிறகு 22.4. எல்லோரும் ஆயிரக்கணக்கில் இந்தச் சோதனையைச் செய்து பழகிய மருத்துவர்கள். கவனித்துப் பார்த்து எழுதிய ஆய்வுதான், குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த பரிசோதனை இல்லை, அதனால் இதையே கடைசி வார்த்தை என்று பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அக்காவின் நினைவு வராமல் இல்லை.

25 செப்டம்பர்

"விமானம் தானாகத்தானே பறக்கிறது, நீங்கள் ஏறுவதில்லையா?" ஏறுகிறேன். போயிங் 737 மேக்ஸில் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் ஒரு மென்பொருளை வைத்தார்கள். அது ஒரே ஒரு உணரியை (சென்சாரை) நம்பி இயங்கியது. அப்படி ஒன்று இருப்பதையே விமானிகளின் கையேட்டில் சொல்லவில்லை. 2018 அக்டோபரில் ஒரு விபத்து, 2019 மார்ச்சில் இன்னொன்று, இரண்டும் சேர்ந்து 346 உயிர். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அந்த ரக விமானங்களைத் தரையிறக்கினார்கள், விசாரித்தார்கள், வடிவமைப்பை மாற்றினார்கள். நான் விமானத்தில் ஏறுவது அந்த விசாரணைகளை நம்பித்தான். ஒரு கிளெய்ம் தவறாக நிராகரிக்கப்பட்டால் எந்தக் கறுப்புப் பெட்டியைத் தேடுவீர்கள்?

29 செப்டம்பர்

இழை எங்கேயோ போகிறது என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். போகட்டும். ஆனால் கேள்விக்கு நேரான பதில் என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை அது இந்த மூன்று நாட்டு விவகாரங்களில் இருக்கிறது.

ஆஸ்திரேலியா. உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை வரித்துறைக் கணக்கில் இருந்து எடுத்து, 26 இரு வாரங்களாகச் சமமாக வகுத்து, "அந்த வாரங்களில் நீ இவ்வளவு சம்பாதித்தாய், மறைத்துவிட்டாய், திருப்பிக் கட்டு" என்று கணினி நோட்டீஸ் அனுப்பியது. ஆண்டில் பாதி நாள் வேலையும் பாதி நாள் வேலையில்லாமலும் இருந்தவன் என்ன ஆவான்? கடன் இல்லை என்று நிரூபிப்பது அவன் பொறுப்பு என்றார்கள். பழைய சம்பளச் சீட்டைத் தேடி எத்தனை பேர் அலைந்திருப்பார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சம்பந்தப்பட்ட விவகாரம். அந்தத் திட்டம் சட்டவிரோதம் என்று பின்னால் ஆயிற்று, 2023 ஜூலையில் விசாரணை ஆணையத்தின் அறிக்கை அதைக் கரடுமுரடானது, கொடூரமானது என்று எழுதியது.

நெதர்லாந்து. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்யக்கூடியவர் யார் என்று மதிப்பெண் போட்ட முறையில், வேற்று நாட்டுக் குடியுரிமையும் ஒரு அளவுகோல். ஆயிரமாயிரம் குடும்பங்களை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தித் தொகையைத் திரும்பக் கேட்டார்கள். 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது.

இங்கிலாந்து. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளி இறுதித் தேர்வு இல்லை. ஆசிரியர் கொடுத்த மதிப்பீட்டை ஒரு அல்காரிதம் திருத்தியது. பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சியை வைத்து இந்த ஆண்டுப் பிள்ளையின் தரத்தை இறக்கியது. கிட்டத்தட்ட 40 சதவீத மதிப்பீடுகள் இறங்கின. சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியர் சொன்னதே பெரும்பாலும் நின்றது, அங்கே சின்ன வகுப்புகள் அதிகம் இருப்பது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13-இல் வந்த முடிவை 17-இல் கைவிட்டார்கள்.

மூன்றிலும் பாதிக்கப்பட்டவர் முதலில் கேட்டது "ஏன்?" என்றுதான். மூன்றிலும் அவருக்கு முதலில் கிடைத்த பதில் "சிஸ்டத்தில் அப்படித்தான் வந்திருக்கிறது."

30 செப்டம்பர்

"அதெல்லாம் ஏஐயே இல்லை, ஒரு கூட்டலும் வகுத்தலும்தான்." ஆமாம், ஆஸ்திரேலியாவில் நடந்தது பள்ளிக்கூடக் கணக்கு. அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். எவரும் பேப்பரில் போட்டுப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிக்கக்கூடிய கணக்கையே பல ஆண்டுகள் நிறுத்த முடியவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று செய்தவனுக்கே சொல்லத் தெரியாத ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்தால்?

பிரிட்டனின் அஞ்சலகக் கணக்கு மென்பொருள் விவகாரமும் இதே வகைதான். மென்பொருள் காட்டிய பற்றாக்குறைக்குக் கிளை நடத்தியவர்களைத் திருடர்கள் என்று தண்டித்தார்கள், 900-க்கும் மேற்பட்டோர். அதற்குச் சற்று முன்புதான், 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம், கணினி சரியாக இயங்கியது என்று வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டிய தேவையையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

5 அக்டோபர்

கொஞ்சம் விலகிப் போகிறேன். என் அத்தை தனியாக இருக்கிறார். இரவில் சாட்பாட்டோடு பேசுகிறார். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஆரம்பித்தது, இப்போது மருமகள் புராணம் வரை போகிறது. "அது குறுக்கே பேசாதுப்பா" என்கிறார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, நான் கடைசியாக எப்போது குறுக்கே பேசாமல் அவர் சொன்னதைக் கேட்டேன் என்று யோசித்தேன்.

கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எலைசா என்ற பேச்சு நிரலை எழுதி 1966-இல் வெளியிட்டார். நீங்கள் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகப் போடும், அவ்வளவுதான். அவர் அதை எழுதுவதை மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்த செயலாளர், கொஞ்ச நேரம் அதோடு பேசிவிட்டு, "நீங்கள் அறையைவிட்டு வெளியே இருக்கிறீர்களா" என்று அவரையே கேட்டாராம். வைசன்பாம் ஆடிப்போனார். கணினியிடம் எதை ஒப்படைக்கக் கூடாது என்று பத்து ஆண்டு கழித்து ஒரு புத்தகமே எழுதினார். நிரல் எழுதியவரே முதல் சந்தேகவாதி.

அத்தையிடம் இதை நான் சொல்லவில்லை. பரிசோதனை அறிக்கையை மட்டும் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். "அதுவும் அதையேதான் சொல்லிச்சு" என்றார்.

9 அக்டோபர்

"நான் ஏஐ வைத்துப் பாதி நேரத்தில் வேலையை முடிக்கிறேன், உங்கள் தத்துவம் எனக்கு வேண்டாம்" என்கிறார் ஒரு நிரலாளர். இருக்கலாம். அளந்து பார்த்தீர்களா?

இந்த ஜூலையில் மீட்டர் என்ற ஆய்வுக் குழு அளந்து பார்த்தது. அனுபவமுள்ள 16 நிரலாளர்கள், தாங்களே நெடுநாள் பராமரிக்கும் திறமூல (ஓப்பன் சோர்ஸ்) திட்டங்களில், 246 வேலைகள். சிலவற்றில் ஏஐ வைத்துக்கொள்ளலாம், சிலவற்றில் கூடாது, எது எதில் என்பதைக் குலுக்கிப் போட்டார்கள். முடித்த பிறகு கேட்டால், ஏஐயால் 20 சதவீதம் வேகமாக முடித்தோம் என்றார்கள். கடிகாரம் 19 சதவீதம் தாமதம் என்றது. புதியவர்களுக்கும் தெரியாத நிரலுக்கும் கணக்கு வேறாக இருக்கலாம், கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் "எனக்கே தெரியுமே" என்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன். பயப்படுகிறவன் சொல்வதற்கு ஆதாரம் கேட்கிறோம். மெச்சுகிறவனிடமும் கேட்க வேண்டும்.

10 அக்டோபர்

மேற்படி நிரலாளர் கோபித்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறார். பதில் மூன்று பத்திகள், ஒவ்வொன்றும் ஒரே நீளம், முடிவில் "சுருக்கமாகச் சொன்னால்". நான் ஒன்றும் சொல்லவில்லை.

18 அக்டோபர்

சட்டம் பக்கம் ஒரு குறிப்பு, இது எனக்கு நேரடியாக உறைத்த விஷயம்.

ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, தன்னைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை முழுக்க முழுக்கக் கணினி மட்டுமே எடுப்பதற்கு உட்படாமல் இருக்க ஒருவருக்கு உரிமை தருகிறது. படிக்க நன்றாக இருக்கிறது. ஓட்டை எங்கே தெரியுமா? "மட்டுமே" என்ற இடத்தில். நடுவில் ஒரு ஆளை உட்கார வைத்து "ஏற்கிறேன்" என்று அழுத்த வைத்துவிட்டால், அது மனிதன் எடுத்த முடிவு என்று வாதாடலாம். இதைப் படித்த அன்றுதான் என் நாற்காலி எதற்காகப் போடப்பட்டிருக்கிறது என்ற கேள்வி வந்தது.

நல்ல வேளையாக ஐரோப்பிய நீதிமன்றத்துக்கும் இது தோன்றியிருக்கிறது. ஜெர்மனியின் ஷூஃபா என்ற நிறுவனம் ஆட்களின் கடன் தகுதிக்கு மதிப்பெண் போடும், வங்கி அதைப் பார்த்துக் கடன் தரும் அல்லது மறுக்கும். நாங்கள் வெறும் எண்தான் கொடுக்கிறோம், முடிவு வங்கியுடையது என்பது அவர்கள் வாதம். 2023 டிசம்பரில் நீதிமன்றம், வங்கி பெரும்பாலும் அந்த எண்ணை வைத்தே முடிவு செய்கிறது என்றால் அந்த எண் போடுவதே தானியங்கி முடிவுதான் என்று சொல்லிவிட்டது. எங்கள் அலுவலகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இருந்தாலும் அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

19 அக்டோபர்

யாரோ கேட்ட விமான டிக்கெட் விவகாரம்: அது ஏர் கனடா, தீர்ப்பு 2024 பிப்ரவரி. பாட்டி இறந்ததற்குப் போனவரிடம், துக்கக் கட்டணச் சலுகையைப் பிறகு கோரிப் பெறலாம் என்று அவர்களின் சாட்பாட் தவறாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பாயத்தில் நிறுவனம், சாட்பாட் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பு என்ற தொனியில் வாதாடியது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை, நஷ்டஈடு கொடு என்றது. சம்பளம் வாங்காத ஊழியன் மேல் பழியைப் போடப் பார்த்தார்கள். சம்பளம் வாங்குகிறவன் மேல் போடுவது இன்னும் சுலபம். நாளைக்கு ஒரு இரட்டைக் குழந்தைக் கோப்பு தப்பிப் போனால், கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது.

26 அக்டோபர்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார், நிதானமாகவே எழுதியிருக்கிறார்: "சரி, ஏஐயே வேண்டாம் என்கிறீர்களா?"

இல்லை. போன வாரக் கூட்டத்தில் நான் கேட்டது இதுதான். இரண்டு பொத்தானும் ஒரே அளவு, ஒரே கிளிக்காக இருக்கட்டும். ஒத்துப்போகும் விகிதத்தை மதிப்பீட்டுத் தாளில் இருந்து எடுங்கள். நாங்கள் மறுத்த கோப்புகளில் எத்தனை கடைசியில் சரி என்று ஆயிற்று என்பதைச் சிஸ்டத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள். நிராகரிப்புக் கடிதத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு காரணமும், எடுத்தால் ஆள் பேசும் எண்ணும் போடுங்கள். அக்கா, நான் பேசி முடித்த பிறகு, "அந்த 'மற்றவை' பெட்டியையும் சரி பண்ணச் சொல்லுப்பா" என்றார். மென்பொருள் தரப்பில் இருந்து வந்தவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, வேகம் குறையும் என்றார். பொத்தானின் அளவை மாற்றினால் வேகம் ஏன் குறையும் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இருந்தது, ஆனால் அதைக் கூட்டத்தில் சொல்ல முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. "மற்றவை" பெட்டியை மட்டும் மாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மீதி "பரிசீலனையில்".

27 அக்டோபர்

உங்களில் இதே மாதிரி இடங்களில் உட்கார்ந்திருக்கிறவர்கள், வங்கிக் கடன், ஆள் எடுப்பு, ஸ்கேன் சென்டர், எதுவானாலும் சரி, ஒரு விவரம் மட்டும் எழுதுங்கள்: உங்கள் திரையில் கணினி சொன்னதை மறுக்க எத்தனை கிளிக், ஏற்க எத்தனை கிளிக்? அடுத்த கூட்டத்துக்குக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மென்பொருள் விற்கிறவர்கள் எழுத வேண்டாம், உங்கள் விளம்பரப் பக்கத்தைப் படித்துவிட்டேன்.